குளத்துக் கோப்புக்கு வைத்த காவல்

ஒரு காட்டில், மற்றக் காடுகளைப் போலவே, ஒரு சிங்கம் ஆண்டது. ஆண்டது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மந்திரி நரி நீட்டிய இடத்திலெல்லாம் அது கையெழுத்துப் போட்டது.

காட்டின் பதிவேடுகள் ஆலமரப் பொந்திலிருந்த சர்வரில் கோப்புகளாக இருந்தன. கோடையில் ஒரு திங்கட்கிழமை, 'குளம்: அனைவருக்கும் பொது' என்றிருந்த கோப்பு 'குளம்: நரிக்குச் சொந்தம்' என்று மாறியிருந்தது. செவ்வாய்க்கிழமை நரி குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டது.

ஆமை உண்ணாவிரதம் உட்கார்ந்தது. எத்தனையோ லத்திகளை முதுகோட்டால் உடைத்த ஆமை அது. "கோப்புக்குக் காவல் வை!" என்று ஒன்பது நாள் முழங்கியது. மான்களும் முயல்களும் நாக்கு வறளக் கூடவே முழங்கின.

பத்தாம் நாள் எலுமிச்சைச் சாற்றோடு நரியே வந்தது.

"தோழரே, வென்றுவிட்டீர்கள்! காவல் வைக்கிறோம். குடியுங்கள்."

ஆமை குடித்தது. முயல்கள் வெடி வெடித்தன.

மறுநாள் மரங்கொத்தி வந்து சர்வரில் காவல் மென்பொருளை ஏற்றியது.

"ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து வைப்பேன், அண்ணே. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் பொருந்தாது. மணி அடிக்கும். அசல் கோப்பு தானாகத் திரும்பி வந்துவிடும்."

"எந்த நாள் கோப்பு அசல்?" என்று கேட்டது ஆமை.

"இன்றைக்கு இருப்பதுதான்."

"அடப்பாவி! திருட்டு நடந்து பத்து நாளுக்கு மேலாகிறதே!"

"எனக்குத் திருட்டெல்லாம் தெரியாது, அண்ணே. மாற்றம்தான் தெரியும்."

"அப்படியானால் முதலில் குளத்தைத் திருத்து. பிறகு ரேகை எடு."

"திருத்தலாமே. படிவம் இருக்கிறது. சொத்துக்காரர் கையெழுத்து வேண்டும்."

"யாரப்பா சொத்துக்காரர்?"

மரங்கொத்தி கோப்பைப் பார்த்துச் சொன்னது: "நரி ஐயா."

ஆமை சிங்கத்தின் குகைக்கு நடந்தது. போய்ச் சேரப் பதினெட்டு நாளாயிற்று. அதற்குள் வேலியோரம் இரண்டு மான்குட்டிகள் தாகத்தில் செத்துவிட்டன.

"நான்கூட அந்தக் குளத்தில்தானே குடித்தேன்!" என்று சிங்கம் உருகியது. ஆமையைக் கூட்டிக்கொண்டு பொந்துக்குப் போனது. தன் நகத்தாலேயே 'அனைவருக்கும் பொது' என்று தட்டியது.

மணி அடித்தது. 'நரிக்குச் சொந்தம்' திரும்பி வந்தது. சிங்கம் மறுபடி தட்டியது. மறுபடி மணி. காடே ஓடி வந்தது.

"யாரோ கோப்பில் கை வைத்துவிட்டார்கள்!" என்று மான்கள் அலறின.

சிங்கம் கூட்டத்தைப் பார்த்தது. தட்டிய அதே நகத்தை ஆமைப் பக்கம் நீட்டியது.

"முயலே, நீயாவது கேள்," என்றது ஆமை. "மணி தப்பாக அடிக்கிறது."

"தப்பாக அடிக்குமா? நாம் பட்டினி கிடந்து வாங்கிய மணி ஐயா அது!" என்று முயல் சீறியது. கயிறு கொண்டு வந்து கட்டியதும் முயல்தான்.

ஆமையைச் சிறைக்கு இழுத்துப் போன பிறகு, காவலின் வெற்றியைக் கொண்டாட நரி வேலியைக் கொஞ்சம் திறந்தது. ஆளுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தது. குட்டிகளை இழந்த மான் தன் மிடற்றைக் குடித்துவிட்டு, "நரி ஐயா வாழ்க!" என்றது.

நீதி: காவல் வருவதற்கு முன்பே திருடிவிடு, பட்டினி கிடந்து காவல் கேட்கும் வேலையை உன்னிடம் பறிகொடுத்தவர்களே பார்த்துக்கொள்வார்கள்.