அப்பா நடந்த தூரம்

கஷ்டப்பட்டு வளர்ந்தவர்களில் இரண்டு இனம் உண்டு. நிஜமாகவே கஷ்டப்பட்டவர்கள் முதல் இனம். இவர்கள் அதைப் பற்றி அநேகமாக வாய் திறப்பதில்லை. இரண்டாவது இனம் சொகுசாக வளர்ந்துவிட்டு, அந்தக் குறையை வாயாலேயே சரிக்கட்டிக்கொள்வது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டம் வைத்த வீட்டில், தனி அறையில், தனக்கென்று ஒரு மேசை, மேசை மேல் விளக்கு, விளக்குக்கு மேல் உலக வரைபடம் என்று வசதியாக உட்கார்ந்து, லீவுக்குக் கடற்கரையா மலையா என்று பெற்றோர் வாக்குவாதம் செய்வதைக் காதாரக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். விசாரித்தால், "நாங்க ரொம்பச் சாதாரணக் குடும்பங்க" என்பார்கள்.

எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இந்த இனத்தின் முழு மாதிரி. தொழிலும் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆளை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டிய பிறகுதான் ஆரம்பிப்பார்.

"நாங்கள்லாம் வெயில்ல நடந்தே ஸ்கூலுக்குப் போனவங்க. ஒரு பென்சிலை வெச்சு வருஷத்தையே ஓட்டுவோம்."

நாற்காலியில் இருப்பவர் "ஆ" என்பார். வேறென்ன சொல்ல முடியும்? டாக்டர் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொள்வார்.

வீட்டில் அவருக்கு ஒரு மகள். பள்ளியில் யாரோ ட்ரம்ஸ் வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சாப்பாட்டு மேசை, ஜன்னல் கம்பி, அப்பாவின் முதுகு என்று எதையும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"உன் வயசுல எனக்கு ஸ்கூலைத் தவிர எந்த கிளாசும் கிடையாதும்மா. இருக்கிறதை வெச்சு சந்தோஷமா இருக்கப் பழகணும்," என்றார் டாக்டர்.

அவள் மறுபடி கேட்கவில்லை. தட்டுவதையும் நிறுத்திவிட்டாள். வீடு அமைதியானதில் டாக்டருக்கு நிம்மதி. அவர் மனைவிக்கு இல்லை. "கேட்டு அழுதா பரவாயில்ல. கேட்கிறதையே விட்டுட்டா. அது நல்லாவா இருக்கு?" என்றாள். டாக்டருக்கு அது காதில் விழவில்லை.

இப்படியிருக்க, டாக்டரின் அக்கா பல்வலியோடு வந்து சேர்ந்தாள். அத்தைக்குத் துணையாக மகளும் கிளினிக்குக்கு வந்தாள். ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் நின்றிருந்தாள். புதுக் காது. விடுவாரா?

"நீங்கள்லாம் குடுத்து வெச்சவங்கம்மா. நாங்கள்லாம் வெயில்ல நடந்தே..."

அக்கா கையைத் தூக்கினாள்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. பல்லு இல்ல, காது." அக்கா எழுந்து உட்கார்ந்து வாயைக் கொப்பளித்தாள். பாதி உதடு மரத்திருந்தது. மீதி உதடே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "எங்கடா நடந்த? காருக்குள்ளயா?"

"அக்கா, அது வந்து..."

"நடந்தது நம்ம அப்பாடா. பென்சிலும் அப்பாவோடதுதான். அவர் வீட்டை எடுத்துக்கிட்ட, சரி. அவர் பட்ட கஷ்டத்தையுமா உன் பேருக்கு மாத்திக்குவ?"

மகள் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்பா ஏதாவது கிளாசுக்குப் போயிருக்காரா, அத்தை?"

"ஏதாவதா? டிராயிங், டென்னிஸ், பியானோ. பியானோ டீச்சர் வந்தா கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்குவான். காலைப் பிடிச்சு வெளியே இழுக்கிறது என் வேலை. நீச்சலுக்கு மட்டும் ஒழுங்காப் போனான். அங்க ஐஸ்கிரீம் விப்பாங்க."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த கருவிகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

டாக்டரின் காது மடல் சிவந்துவிட்டது. கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். கடைசியில் தணிந்த குரலில், "அப்பா கதையைச் சொன்னா எல்லாரும் தலையாட்டறாங்கக்கா. என் கதையில சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

அக்கா திரும்ப நாற்காலியில் சாய்ந்தாள். "நல்லா இருந்தோம்டா. அதைச் சொல்லு. நாம நல்லா இருக்கணும்னுதானே அந்த மனுஷன் அப்படி ஓடினாரு. சரி, பல்லைப் பாரு. மரத்தது தெளிஞ்சுடப் போகுது."

அன்று அவர் பேசாமல் வேலை பார்த்தார். அதற்கப்புறம்கூட அவர் அவ்வளவு சுத்தமாகப் பல் அடைத்துப் பார்த்ததில்லை என்று நர்ஸ் பின்னாளில் சொன்னாள்.

அடுத்த வாரமே ட்ரம்ஸ் வந்து மாடி அறையில் இறங்கியது. மகள் இப்போது பள்ளிவிட்டு வந்ததும் ஆரம்பித்து, அக்கம்பக்கத்தார் மாடியைப் பார்த்து முறைக்கும்வரை வாசிக்கிறாள். டாக்டர் திருந்திவிட்டாரா? வெயிலில் நடப்பதை விட்டுவிட்டார். "வீட்ல இந்தப் பொண்ணு வாசிக்கிற வாசிப்புல நான் படற பாடு இருக்கே," என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதால் முகத்தில் தனிக் களை தெரிகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் பிள்ளை ஏதோ கேட்டபோது, "எங்க காலத்துல..." என்று நீங்களும் தொடங்கினீர்களே, அதில் எது நீங்கள் பட்டது, எது உங்கள் அப்பா பட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். அவசரமில்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னால் போதும்.