கட்டிப்பிடித்து எடை பார்த்த ராக்கெட்

"எட்டு கிலோவா? அடக் கண்றாவியே!"

கணக்காளர் எடை மெஷினிலிருந்து இறங்கினார். கையில், பொழுதுபோக்காக அவரே கட்டிய, அவரைவிட உயரமான ராக்கெட். தனியாக நிறுத்தினால் சாய்ந்துவிடும். அதனால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார். வருகிற எடையிலிருந்து, மனப்பாடமாக வைத்திருந்த தன் எடையைக் கழிப்பார். கழிப்பதற்கு அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

மோட்டாரோ ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காது. போன ராக்கெட் இறக்கை பிய்ந்து நொறுங்கியது என்று, இதைக் கோட்டை மாதிரி கட்டியிருந்தார். ஒட்டுப்பலகை இறக்கைகள், உடம்பெல்லாம் கண்ணாடி நார்த் துணி, அதன்மேல் பசை.

"ஞாயித்துக்கிழமை இது பறக்கலைன்னா இந்த ராக்கெட் ரூம் எங்கம்மாவுக்கு," என்றாள் மனைவி. "ஹால் சோபாவுல படுத்துப் படுத்து அவங்க முதுகே போச்சு."

அந்த அம்மாவே தட்டோடு வந்தார். "அவ கிடக்கறா. கவலையில பாதியா இளைச்சுட்டீங்க மாப்பிள்ளை. கேக் சாப்பிட்டுட்டுத் தெம்பா வேலையைப் பாருங்க."

கணக்காளருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் அவர் பக்கம் பேச ஓர் ஆள்!

கேக்கைத் தின்றார். நார்த் துணியை உரித்தார். மறுநாள் எடை பார்த்தால் எட்டே கால்.

"உரிக்க உரிக்க ஏறுதே அத்தை!"

"பசை ஈரத்தைக் குடிச்சிருக்கும். இந்தாங்க, இன்னொரு துண்டு."

ஒட்டுப்பலகையைக் கழற்றிவிட்டு, ஊதினால் பறக்கிற பால்சா மர இறக்கைகளை ஒட்டினார். எட்டரை. உடம்பு நசுங்காமல் உள்ளே தாங்கிய வளையங்களைப் பிடுங்கினார். பசையைக்கூடச் சுரண்டி எடுத்தார். சனிக்கிழமை மெஷின் காட்டியது ஒன்பது. ஆத்திரத்தில் மிச்சக் கேக்கையும் தின்று தீர்த்தார்.

ஞாயிறு. ராக்கெட் விடும் மைதானத்தில் பெண் சோதனை அதிகாரி அதைத் தொங்கும் தராசில் மாட்டினார்.

"ரெண்டரை கிலோ," என்றவர், ராக்கெட்டின் உடம்பை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. "சார், இதைப் பத்த வெச்சா மோட்டார் மட்டும்தான் மேல போகும். அனுமதி கிடையாது."

"ரெண்டரையா? எங்க வீட்ல ஒன்பது மேடம்!"

"எப்படி எடை போட்டீங்க?"

"தூக்கிட்டு நின்னு, என் எடை எழுபதைக் கழிச்சேன்."

"எழுபதா?" மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது நம்ம கல்யாணத்தப்போங்க!"

கணக்காளர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மாமியார் கனிவோடு அவர் தோளைத் தட்டினார்.

"கேக் முடியறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன் மாப்பிள்ளை. என் கட்டிலை மட்டும் ஜன்னல் ஓரமா போட்டுடுங்க."