அவியம்மா வீட்டு டி.வி.

காரைக்காலில் கருத்தே இல்லாத மனிதர் என்று யாரையாவது நீங்கள் காட்டினால், அவர் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை என்று நான் எழுதியே கொடுப்பேன். எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் கருத்து இருந்தது. இல்லாமல் இருக்க அவியம்மா விடமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அவர் கணவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பென்ஷன் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மாயவரத்திலிருந்து மாற்றலாகி வந்த நான் அந்த வீட்டுப் பின்கட்டு அறையில் குடியேறியபோது சொல்தா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு ஒரு பழக்கம் இருந்ததாம். குழம்பு ஊற்றினாலும் சரி, புதுச் சட்டை போட்டாலும் சரி, "உன் அவி என்ன?" என்று மனைவியைக் கேட்பார். பிரெஞ்சில் 'அவி' என்றால் அபிப்பிராயம். அவர் போன பிறகு அம்மா அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். தெரு அவருக்கு அவியம்மா என்று பெயர் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் அந்த வீட்டுக்கு டி.வி. வந்தது. தெருவிலேயே முதல் டி.வி. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கூடத்தில் இடமில்லாவிட்டால் ஜன்னலில் தொங்கலாம். நிபந்தனை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிற தொடர் நாடகம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அவி சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாடகம் இந்தியில் வரும். தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. அவியம்மாவுக்கு இது ஒரு குறையாகவே படவில்லை.

"மூஞ்சியப் பார்த்தா தெரியாதா என்ன ஆச்சுன்னு? பாஷை என்னத்துக்கு?"

நாடகத்தின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அதை விட்டுவிட்டோம். ஆட்களுக்கு மட்டும் பெயர் வைத்தோம். பெரிய மீசை வைத்த அப்பா மீசை. அவருடைய மகள் சுமதி. இடுப்பில் சாவிகளோடு வீடு முழுக்க அலைகிற மீசையின் தங்கை, சாவிக்கொத்து.

முதல் வாரம் என் முறை வந்தபோது, "நல்லாருந்துச்சுங்க" என்றேன்.

அவியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நல்லாருந்துச்சுங்கிறது அவி இல்ல. அது ஏப்பம். சாவிக்கொத்து ஏன் அந்தக் கதவைச் சாத்துனா? அதைச் சொல்லுங்க."

நான் திணறிப்போனேன். அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் எனக்கென்று ஒரு கருத்து இருந்ததில்லை. மேலதிகாரியின் கருத்தை என் கையெழுத்தில் எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கடைசியில், "காத்து வருதுன்னு சாத்தியிருப்பாங்க" என்று சொல்லி வைத்தேன். கூடமே சிரித்தது. ஆனால் அவியம்மா சிரிக்கவில்லை. "அதுவும் ஒரு அவிதான். எந்திரிங்க" என்று விடுதலை கொடுத்தார்.

கரன்ட் போனால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். "போவாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அதைச் சொல்லுங்க" என்று இருட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டே அவியம்மா கேட்டார். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்குமுன் அவி சொல்லியாக வேண்டும். அந்த அம்மாள், "சாவிக்கொத்து திருடிதாம்மா. நடையப் பாருங்க, காலு தரையில பாவ மாட்டேங்குது" என்று சொன்ன அன்றைக்குக் கூடையில் இருந்த மீன் முழுவதையும் அவியம்மாவே வாங்கினார். நாங்கள் எல்லோரும் மீன்குழம்பு சாப்பிட்டோம்.

கடற்காற்று திரும்பினால் படத்தில் இலங்கை டி.வி.யின் நிழல் வந்து விழும். ஒருநாள் மீசை காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணப்பெண் பூச்செண்டோடு வந்து நின்றாள். சற்றுநேரத்தில் கரைந்து போனாள். மீசை ரகசியமாக இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார் என்று தெரு இரண்டுபட்டது. எதிர்வீட்டு ஜெய்னம்பு அக்கா அடுத்த வாரம் நாடகம் முழுக்கத் தேடிவிட்டு, "ரெண்டாந்தாரமா வந்தவள எங்கக்கா காணோம்? அதுக்குள்ள தாய் வூட்டுக்கு அனுப்பிட்டானா?" என்று வருத்தப்பட்டார்.

இத்தனை பேரையும் பேசவைத்த அவியம்மாவின் கையில் சிக்காத ஒரே ஆள், சைக்கிள் கடை இராமலிங்கம். நல்ல மனிதர், ஆனால் பேசமாட்டார். பஞ்சர் என்றால் டியூபைக் காட்டுவார். சரியாகிவிட்டது என்றால் மணியை அடித்துக் காட்டுவார். மனைவி தவறிய பிறகு ஒரே மகள் விஜயாவைத் தனியாக வளர்த்தார். அவள் இழுத்துக்கொண்டு வருவதால் நாடகத்துக்கு வருவார். வாசற்படி ஓரமாக நிற்பார். கடைசியில் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும்போது அவருடைய செருப்பு வாசலில் இருக்காது.

அந்த விஜயாவுக்குப் பாண்டிச்சேரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இராமலிங்கம் முடியாது என்றுகூடச் சொல்லவில்லை. கேட்கிறபோதெல்லாம் எழுந்துபோய் ஏதாவது ஒரு சக்கரத்துக்குக் காற்றடித்தார். விஜயா அவியம்மாவின் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுததை என் அறையிலிருந்து கேட்டேன்.

"திட்டுனாக்கூட பதில் சொல்லலாங்க அத்தை. பேசவே மாட்டேங்குறாரு."

"அழுவாத. ஞாயித்துக்கிழமை அவர நீ கூட்டியா, போதும். பேச வெக்கிறது என் வேலை."

அந்த ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் வாசலில் கால் வைத்தபோதே, சொல்தா காலமானதிலிருந்து யாரும் உட்காராத பிரம்பு நாற்காலி கூடத்தின் நடுவில் போடப்பட்டிருந்தது. "இதுல உக்காருங்க" என்றார் அவியம்மா. அந்த மரியாதையை மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவரைச் சுற்றி நான்கு பக்கமும் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்தால் யாராவது ஒரு குழந்தையை மிதிக்காமல் வெளியே போக முடியாது.

அன்றைய நாடகத்தில் சுமதி பெட்டியோடு ரயில் ஏறினாள். மீசை பிளாட்பாரத்தில் நின்று அவளைப் பார்த்தார். ரயில் நகர்ந்தது. மீசை கையை உயர்த்தினார், பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்துவிட்டது.

அவியம்மா டி.வி.யை நிறுத்தினார். ஜெய்னம்பு அக்கா, "வயசுப் புள்ளயத் தனியா ரயிலேத்தி விட்டுட்டானே, மனசு கல்லுதான்" என்றார். நான், ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டதைப் பாராட்டினேன். கடைசியாக இராமலிங்கத்தின் முறை.

"உங்க அவி என்னங்க?"

அவர் தரையைப் பார்த்தார். அவியம்மா காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வீட்டிலும் கறி வாங்கி வைத்திருந்தார்கள், உலை வைக்க ஆளில்லை. புருஷர்கள் ஒவ்வொருவராக வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். குழந்தைகள் அழுது, தூங்கி, மறுபடி எழுந்து அழுதன. வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. அவியம்மா விசிறியை எடுத்து இராமலிங்கத்துக்கு விசிறினாரே தவிர, அசையவில்லை.

"சொல்லிடுங்கண்ணே," என்றேன் நான். எனக்கும் பசி.

இராமலிங்கம் தொண்டையைச் செருமினார். துருப்பிடித்த போல்ட்டைத் திருகி எடுப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"அந்த மனுசன்... பாவம். விட மனசில்ல. பொண்ணு மூஞ்சியப் பார்த்தான். பார்த்த பொறவு புடிச்சு வெக்க முடியல. அனுப்பிட்டான். அனுப்புனது சரிதான்."

"சரிதானுங்களே?" என்றார் அவியம்மா. "அப்ப புதன்கிழமை காலையில விஜயாவ பஸ் ஏத்திடுவோம். பாண்டிச்சேரி எனக்குப் பழக்கம்தான், நான் கூடப் போறேன்."

"நான் சொன்னது மீசைக்குங்க."

"மீசைக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயமா?"

கூடமே அவரைப் பார்த்தது. அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். பெண்கள் எழுந்து அடுப்படிக்கு ஓடினார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஜெய்னம்பு அக்காவின் மகன் சுல்தான் நாகூரில் மாமியார் வீட்டிலிருந்து திரும்பி வந்தான். துபாயிலிருந்து லீவில் வந்தவன். அங்கே அறையில் கூட இருந்தவர்கள் எல்லாம் வடக்கத்திக்காரர்கள், அதனால் இந்தி தண்ணீர்பட்ட பாடு. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவன் பேச்சோடு பேச்சாக, "நேத்து நாடகம் நாகூர்ல பார்த்தேண்ணே. பாவம் அந்தப் பெரியவரு. மவ சொல்லாமக் கொள்ளாம கிளம்பிட்டா. தடுத்துக் கூட்டியாரத்தான் டேசனுக்கு ஓடுனாரு. அதுக்குள்ள ரயில் எடுத்துட்டான்" என்றான்.

இராமலிங்கம் பம்பை அப்படியே போட்டுவிட்டு சுல்தானின் கையைப் பிடித்து அவியம்மா வீட்டுக்கு இழுத்து வந்தார். அந்தத் தெருவில் அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"அவரு அனுப்பலீங்க! தடுக்க வந்தவரு! இந்தத் தம்பிக்கு இந்தி தெரியும், கேளுங்க. நான் சொன்னது செல்லாது!"

தெருவே கூடிவிட்டது. விஜயா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மெய்தானாடா சுல்தான்?" என்று அவியம்மா கேட்டார். அவன் விஜயாவைப் பார்த்தான், இராமலிங்கத்தைப் பார்த்தான். "மெய்தான் மாமி," என்று முணுமுணுத்தான். ஏன்தான் லீவில் வந்தோம் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

அவியம்மா வாயடைத்து நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வழக்கமான அதட்டல் எதுவும் இல்லாமல், தணிந்த குரலில் பேசினார்.

"மீசை என்ன செஞ்சான்னு நான் உங்களக் கேக்கலீங்க. அவன் டில்லிக்காரன், அவன் என்னவோ செஞ்சுட்டுப் போறான். பொண்ணு மூஞ்சியப் பார்த்து மனசு கேக்காம அனுப்புனான்னு சொன்னீங்களே, அப்படி ஒரு அப்பன் அந்த நாடகத்துல இல்லவே இல்லைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அப்ப அவன எங்கேருந்து எடுத்தீங்க?"

இராமலிங்கம் விஜயாவைப் பார்க்கவில்லை. சுல்தானின் கையை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை முழுக்கக் கடை திறக்கவில்லை. "நான் ரொம்பப் பேசிட்டனோ தம்பி?" என்று அவியம்மா என்னிடம் கேட்டார். அவர் அப்படி ஒரு கேள்வி கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனாலும் தன் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். "வந்தாலும் வராட்டியும் நான் பஸ் ஸ்டாண்டுல போய் நிப்பேன்."

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் நானும் அவரோடு நின்றேன். பஸ் புறப்படத் தயாரான நேரத்தில், சைக்கிள் கேரியரில் புத்தம்புதுத் தகரப்பெட்டியைக் கட்டித் தள்ளிக்கொண்டு இராமலிங்கம் வந்தார். பின்னால் விஜயா, கண்கள் வீங்கி, தலை நிறையப் பூவோடு. செவ்வாய்க்கிழமை அவர் எங்கே போயிருந்தார் என்பது அந்தப் பெட்டியைப் பார்த்ததும் தெரிந்தது.

"மீசைய வெச்சு அனுப்பலீங்க," என்றார் அவியம்மாவிடம். "நானாத்தான் அனுப்புறேன்."

"அதைத்தானுங்களே நானும் கேட்டேன்."

பெட்டியோடு அவியம்மாவும் விஜயாவும் ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் விஜயாவின் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், இராமலிங்கம் சைக்கிளை என் மேல் தள்ளிவிட்டு ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார். நான் ஆபீசுக்குச் சைக்கிளோடு போனேன்.

அவர் மறுநாளே திரும்பிவிட்டார். அவியம்மா திரும்பவில்லை. "ஆஸ்டல் சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வருவாங்களாம்" என்றார் இராமலிங்கம். "சமையக்காரம்மா, வாட்ச்மேன், வார்டன் எல்லாரையும் உக்கார வெச்சு அவி கேட்டுக்கிட்டிருக்காங்க. அந்த வார்டனம்மா அழுவாத கொறைங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். விஜயா படித்து முடித்து, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து, பல வருடம் கழித்து எனக்கே ஊசி போட்டாள். கொஞ்சமும் வலிக்கவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். அவியம்மாவைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவியம்மா இறங்கவில்லை. உள்ளே ஏறிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பியதும் எதுவும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் எனக்கு மார்பளவுகூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு அவரை ஓர் ஆளுயரத்துக்கு மேல் நினைத்து வைத்திருந்தேன்.

ரிக்‌ஷாவில் ஏற்றி உட்கார வைத்தேன். ஏறியதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "பள்ளம் பார்த்து மெதுவா ஓட்டுங்க" என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் பக்கத்திலேயே நடந்து போனேன்.