சுருக்கம் சார் மனுக் கொடுத்த கதை

மனுக் கொடுக்கப் போகிற கூட்டத்தில் முன்னால் நடப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நோய் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும், நடு நாற்காலி அவருக்குத்தான்.

நாம் பார்க்கப் போகிறவர் ஓய்வு பெற்ற அஞ்சலக அதிகாரி. எங்கே எழுந்தாலும் "சுருக்கமா சொல்லிடறேன்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுவதால், ஊரில் அவர் பெயரே சுருக்கம் சார்.

ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் கிடையாது. சிறுநீரகம் பழுதான பதினொரு பேர், வாரத்துக்கு மூன்று நாள் பக்கத்து நகரத்துக்குப் பஸ் ஏறி, நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, கிறுகிறுக்கிற தலையோடு திரும்பி வந்தார்கள். பன்னிரண்டாவது ஆளான லாரி டிரைவர் திரும்புகிற பஸ்ஸிலேயே கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகுதான் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பதினொருவர் சார்பில் பேச, அவர்களில் ஒருத்தியான தையல்கார அக்கா. அவளை அழைத்துப் போகும் பொறுப்பு சுருக்கம் சாருக்கு. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

முந்தின நாள் முழுக்கக் கண்ணாடி முன் ஒத்திகை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணே பேசட்டுமே."

"பயந்துடும். பெரிய இடத்துல பேசறதுக்குன்னு ஒரு பக்குவம் இருக்கு."

மறுநாள் உறுப்பினர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பத்து நிமிஷம் இருக்கு, சொல்லுங்க."

சுருக்கம் சார் சொன்னார். உறுப்பினரின் அப்பா தபால்தலை வாங்க வரும்போது தம்மிடம் நலம் விசாரித்தது, தமது முப்பத்திரண்டு வருடச் சேவை, இதற்கு முன் மூன்று உறுப்பினர்களிடம் தாம் கொடுத்த மனுக்கள், தமது சர்க்கரை அளவு எல்லாம் வரிசையாக வந்தன. மெஷின் பேச்சு மட்டும் வரவில்லை. ஏழு நிமிடம் போயிற்று.

உறுப்பினர் மெல்லத் திரும்பினார். "நீங்க என்னம்மா பண்றீங்க?"

"தையல் வேலை" என்றார் சுருக்கம் சார்.

"எவ்வளவு நாளா உடம்பு முடியலை?"

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார், அதற்கும் அவரே.

"சார், அவங்க சொல்லட்டும்."

வாயை மூடிக்கொண்டு உட்காருவது எவ்வளவு கடினமான வேலை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா குனிந்தபடி பேசினாள். "போற பஸ் பரவாயில்லைங்க. வர்றப்பதான் நிக்க முடியறதில்லை. லாரி டிரைவர் அண்ணன் அன்னிக்கு என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. தூங்கறாருன்னு நினைச்சேன். இறங்கற இடம் வந்ததும் தட்டி எழுப்பினேன்."

அவ்வளவுதான். உறுப்பினர் பேனாவைத் திறந்தார்.

சுருக்கம் சார் தரையைப் பார்த்தார். டிரைவர் விஷயம் அவருக்கும் தெரியும். ஒத்திகையின்போது, பேச்சு நீளுகிறது என்று வெட்டியது அதைத்தான். நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. போட்டோ எடுக்க நடுவில் போய் நிற்கும்வரை அது இருந்தது.

ஒன்பது மாதத்தில் மெஷின் வந்தது. முதல் கட்டிலில் அக்கா படுத்திருந்தாள். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று பத்திரிகை நிருபருக்கு விவரித்துக்கொண்டிருந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனீர்களே, "எங்கே வலிக்குதும்மா?" என்று அவர் அம்மாவைப் பார்த்துத்தானே கேட்டார்? பதில் சொன்னது யார்?