காரத்தில் சிவந்த சட்டை

ஐப்பசி பிறந்த அன்று காலையில் ராஜகோபாலன் ஒரு மந்த வாயுவாக மாறினார்.

முந்தின நாள் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இனிமேல் எண்ணெயில் பொரித்த எதையும் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். வேறு யாராவது என்றால் சுருண்டு படுத்திருப்பார்கள். ராஜகோபாலன் மயிலாப்பூரில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் ராத்திரியானால் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பத்தாங்கிளாஸ் பிள்ளைகளைப் படுத்துகிறவர். அவருக்குத் துக்கம் வந்தாலும் பாடமாகத்தான் வரும்.

“கோமளம், இன்னிலேர்ந்து நான் ஆர்கான்” என்று மனைவியிடம் அறிவித்தார். “வெளி வட்டத்துல எலக்ட்ரான் நிரம்பிடுத்து. இனிமே யாரோடயும் சேர மாட்டேன், வினை புரிய மாட்டேன். பஜ்ஜியை மூக்குக்கு நேரே நீட்டிப் பாரு. ஒரு பிணைப்பும் வராது.”

கோமளம் நீட்டிப் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்தபடியே ஒரு ஒப்பந்தம் போட்டாள். மார்கழி வரைக்கும் ஒழுங்காகப் பத்தியம் இருந்தால், கச்சேரி சீசனில் அவர் சபா கேன்டீனுக்குப் போகலாம், அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நடுவில் ஒரே ஒரு வடை உள்ளே போனாலும் கேன்டீனை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ராஜகோபாலனுக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணிக்கும் காம்போதிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எந்த சபாவில் அடை முறுகலாக இருக்கும், எங்கே காசி அல்வாவில் நெய் தாராளம் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை ஆரம்பித்ததும் பாதி சபை எழுந்து கேன்டீனுக்கு ஓடும் இல்லையா, அந்தக் கூட்டத்துக்கு எப்போதும் தலைமை தாங்குகிறவர் இவர்தான். மீதிப் பதினோரு மாசத்தையும் அவர் ஓட்டுவதே அந்த ஒரு மாசத்தை நினைத்துத்தான்.

ஆர்கான் பாதிக் கார்த்திகை வரை தாக்குப்பிடித்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் கோவில் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்துச் சந்து மெஸ்ஸிலிருந்து சின்ன வெங்காய சாம்பாரின் வாசனை வந்து அவரைத் தொட்டது. கால்கள் அவரைக் கேட்காமலே திரும்பின. தண்ணீரைக் கண்டால் சோடியம் எப்படித் துள்ளும் என்று பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டுவார். அன்றைக்கு வீடியோ தேவைப்பட்டிருக்காது, அவரையே காட்டியிருக்கலாம்.

முதல் பிளேட் சாம்பார் வடை போன இடம் தெரியவில்லை. இரண்டாவது பிளேட்டில் வடையை ஸ்பூனால் வெட்டப் போனார். வடை வழுக்கியது. சாம்பார் எழும்பி வந்து, கோமளம் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே உட்கார்ந்தது.

ராஜகோபாலன் கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அங்கே கிடந்த சோப்புத் துண்டை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். மஞ்சள் கறை சிவந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். இன்னும் நன்றாகச் சிவந்தது. மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சோப்பு மாதிரி காரம் பட்டால் சிவக்கும் என்று வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்ட மனுஷன். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதை வருஷம் தவறாமல் உதாரணம் சொன்னவர். பதற்றத்தில் சொந்தப் பாடம்தான் முதலில் மறந்துபோகிறது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிவப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தார். மாட வீதி முனையில் பெயர் கிடைத்துவிட்டது. நிம்மதியாக மாடி ஏறினார்.

கதவைத் திறந்த கோமளம் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள்.

“என்னன்னா இது?”

“குங்குமம். கற்பகாம்பாள் சன்னிதில குடுத்தா. கை தவறிடுத்து.”

“நெத்தில காணோமே.”

“வேர்வைல அழிஞ்சுடுத்து.”

“சன்னிதில ஒரு சிட்டிகைதானே குடுப்பா? இது யாரோ நெத்தியையே வெச்சு அழுத்தின மாதிரின்னா இருக்கு.”

கோமளத்தின் குரல் தழுதழுத்தது. புடவைத் தலைப்பு கண்ணுக்குப் போயிற்று. யார் நெற்றி அது, எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டாள். ராஜகோபாலனுக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது, இந்த வயசில் நம்மைப் போய்ச் சந்தேகப்பட ஓர் ஆள் இருக்கிறதே என்று. ஆனால் அவள் செல்ஃபோனை எடுத்து, பெங்களூரில் இருக்கும் பெண் மஹதியின் நம்பரைத் தேட ஆரம்பித்ததும் பெருமையெல்லாம் ஆவியாகிவிட்டது.

“ஃபோனைக் கீழ வை. அது குங்குமமே இல்ல.”

“இப்பத்தானே குங்குமம்னேள்?”

“நிரூபிக்கறேன் பாரு.”

சமையலறைக்குப் பாய்ந்தார். மேடைமேல் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை மூடி நறுக்கித் தயாராக இருந்தது. நல்ல காலம் என்று எடுத்து வந்து சட்டைமேல் பிழிந்தார். சிவப்பு விலகியது, மஞ்சள் திரும்பி வந்தது. அவ்வளவுதான், அவருக்கு வகுப்பறை நினைப்பு வந்துவிட்டது. காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகும், ஆகவே இது மஞ்சள்தூள், ஆகவே உன் புருஷன் நிரபராதி என்று விரலை ஆட்டி விளக்கினார்.

கோமளம் மூக்கை உறிஞ்சினாள். “நல்ல குங்குமமே மஞ்சளோட காரம் சேர்த்துப் பண்றதுதானே? அதுல பிழிஞ்சாலும் இப்படித்தான் மஞ்சளாகும். போன வாரம் பசங்களுக்கு நீங்களே சொன்னேள். நான் உள்ள தோசை வார்த்துண்டே கேட்டுண்டிருந்தேன்.”

சொல்லிக்கொண்டே மஹதியின் பெயரைத் தொட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. ராஜகோபாலனை வேதியியல் கைவிட்டது.

“கட் பண்ணு, கட் பண்ணு. மோந்து பாரு, வெங்காய வாசனை வரும். சாம்பார் வடை. ரெண்டு பிளேட். வேணும்னா மெஸ்காரனையே கூப்பிட்டுக் கேளு.”

கோமளம் ஃபோனை அணைத்தாள். தலைப்பை இறக்கினாள். கண் இரண்டும் காய்ந்த அப்பளம் மாதிரி இருந்தன.

“பால்கனிலேர்ந்து சட்டையைப் பார்த்ததுமே வடைன்னு தெரிஞ்சுடுத்து. எத்தனை வருஷமா உங்க சட்டையைத் தோய்க்கறேன்? கறைக்குன்னுதான் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வெச்சேன். ரெண்டு பிளேட்டுங்கறது மட்டும்தான் தெரியலை.”

ராஜகோபாலன் நாற்காலியில் சரிந்தார். அடை போயிற்று. காசி அல்வா போயிற்று. மார்கழி பூரா வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா என்று ஈனசுரத்தில் கேட்டார்.

“யார் சொன்னா? எல்லாக் கச்சேரிக்கும் அழைச்சுண்டு போறேன். முதல் வரிசை டிக்கெட்.”

அவர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. கோமளம் அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, தண்ணீரில் முக்கப் போகிற வழியில் நின்று திரும்பினாள்.

“தனி ஆவர்த்தனத்தப்போ நான் கேன்டீனுக்குப் போயிட்டு வந்துடறேன். நீங்க உக்காந்து சீட்டைப் பார்த்துக்கோங்கோ.”