சிவப்புக் குடமும் என் ஃபியட்டும்

இந்த வருஷம் கோப்பை எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கங்காதரன் முடிவு செய்தால் செய்ததுதான். என் மனைவி தாட்சாயிணியைத் தவிர வேறு யாராலும் அதை மாற்ற முடியாது.

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு மோட்டார் கிளப் நடத்துகிறோம். வாரமெல்லாம் ஃபேக்டரி வண்டிக்கு நட்டு முறுக்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை தன் வண்டிக்கு முறுக்குவான். வருஷத்துக்கு ஒரு தடவை குவார்ட்டர்ஸ் பின்னால் இருக்கும் பொட்டலில் பழைய டயர்களை அடுக்கி, அதைச் சுற்றி ரேஸ். பரிசு ஒரு கோப்பை. காபி டம்ளருக்கு இரண்டு பக்கமும் காது வைத்த மாதிரி இருக்கும். இருந்தாலும் கோப்பை கோப்பைதானே!

போன வருஷம் அதில்தான் வம்பு வந்தது. தண்ணீர்ப் பஞ்சம். லாரி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தால்தான் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அன்றைக்கு நாங்கள் போட்ட சத்தத்தில் ஹாரன் ஒருத்தர் காதிலும் விழவில்லை. இந்த ஜனங்களுக்குத் தண்ணீர் வேண்டாம் போலிருக்கிறது என்று லாரிக்காரன் பட்டாபிராம் பக்கம் போய்விட்டான். மாதர் சங்கத் தலைவி ஞானம்மாள் அக்கா காலிக் குடத்தோடு பொட்டல் நடுவில் வந்து நின்றார். ரேஸும் அத்தோடு நின்றது.

அதனால் இந்த வருஷம் சங்கம் சட்டம் போட்டுவிட்டது. சத்தம் எண்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் ஹாரன் சமையல்கட்டு வரைக்கும் கேட்காதாம். ரேஸுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை அமுக்கச் சொல்லி மீட்டரில் அளப்பார்கள். ஓட்டுகிற ஆள் ஒவ்வொருத்தருக்கும் இரண்டு வாய்ப்பு. ரேஸிலும் ஒவ்வொருத்தராகத்தான் ஓட வேண்டும்; ஓடும்போதும் காம்பவுண்டு சுவர் மேல் மீட்டர் இருக்கும். தாண்டினால் அக்கா சிவப்பு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். குடம் ஏறினால் ஆள் அவுட்.

மீட்டரைப் பிடிக்கச் சங்கம் யாரை நியமித்தது தெரியுமா? சாட்சாத் என் தாட்சாயிணியை!

எனக்கு அப்போதே கோப்பை கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. நேராக ஃபேக்டரி கேன்டீனுக்குப் போனேன். அங்கே நாகேந்திரன் வடை தின்றுகொண்டிருந்தான். எதிர் பிளாக்குக்காரன். போன வருஷம் பாதியில் நின்ற ரேஸில் தானே முன்னால் இருந்ததாக இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

"மாமே, உன் ஃபியட்டு சொம்மா நின்னாலே தொண்ணூறு காட்டும். ஊட்லயே கெட" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! பெஞ்சு மேல் ஏறிவிட்டேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா! இந்த ரேஸ்ல யாரு ஜெயிக்கிறாங்களோ, அவங்களே என் வண்டிய எடுத்துகினு போகட்டும்!"

கேன்டீனே கை தட்டியது. நாகேந்திரன் வடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைக் குலுக்கினான். அவனுக்கு என்ன தெரியும்? ஒரிஜினல் சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வெறும் குழாயை நானே வளைத்து மாட்டியிருந்தேன். வண்டி பறக்கும். சத்தமா? அதற்குத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே!

சாயங்காலம் நைசாக ஆரம்பித்தேன்.

"தாட்சு, டீ பிரமாதம்."

"இன்னும் அடுப்பே பத்த வெக்கல. இன்னா வேணும், சொல்லு."

"நாளைக்கு என் வண்டி வரும்போது மட்டும் மீட்டரக் கொஞ்சம் கோயில் பக்கமா திருப்பிப் புடி."

"இன்னாத்துக்கு மாமா?"

"சத்தம் கம்மியா காட்டும்."

"அது ஃபிராடு இல்ல?"

"சேச்சே! குடும்ப ஒத்துழைப்பு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வண்டிய வெச்சி கேன்டீன்ல சபதம் போட்டியாமே? தண்ணி லைன்ல பத்மா சொன்னா." பத்மா என்பது நாகேந்திரன் பெண்டாட்டி. கேன்டீனில் தும்மினால் தண்ணீர் லைனில் கேட்கும்.

"ஆமா, போட்டேன்! ஜெயிக்கப்போறது நானு. வண்டி எங்க பூடும்?"

"யாரு ஜெயிச்சாலும் எடுத்துகினு போலாம்னியா?"

"யாரு ஜெயிச்சாலும்!"

"அப்பால பேச்சு மாறமாட்டியே?"

"யாரப் பாத்து இன்னா கேக்குற? உசுரே போனாலும் மாறமாட்டேன்!"

"அது போதும்" என்று உள்ளே போனாள். வந்த டீயில் இஞ்சியெல்லாம் தட்டிப் போட்டிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் இஞ்சி போட்ட டீ எனக்கு எப்போதுமே வினைதான்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் நல்ல கூட்டம். மீட்டரும் கையுமாகத் தாட்சாயிணி. பக்கத்தில் சிவப்புக் குடத்தோடு ஞானம்மாள் அக்கா. நாகேந்திரன் தன் அம்பாசடருக்குள் உட்கார்ந்து பெடலைப் பூ மாதிரி தொட்டான்.

"எம்பத்தி நாலு. பாஸ்" என்றாள் தாட்சாயிணி.

அடுத்து நான். அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவளும் சிரித்தாள். கோயில் பக்கம் திருப்புவாள், திருப்புவாள் என்று பார்த்துக்கொண்டே பெடலை மிதித்தேன். மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்துபோனது. அவளோ மீட்டரை நேராக என் குழாய்க்கே நீட்டினாள்!

"நூத்தி நாலு. ஃபெயில்."

"இன்னா தாட்சு இது?"

"மீட்டருக்குப் புருசன் பொண்டாட்டில்லாம் தெரியாது மாமா. இன்னொரு சான்ஸு கீது, ஒயுங்கா காட்டு."

விடுவேனா? ஓடிப்போய் டீக்கடை ஓரத்தில் கிடந்த தேங்காய் நாரை அள்ளிவந்து குழாய்க்குள் திணித்தேன். குச்சியால் குத்திக் குத்தித் திணித்தேன். வண்டியைக் கிளப்பினேன். அடடா, என்ன அமைதி! ஃபியட் கோயில் பூசாரி மாதிரி முணுமுணுத்தது. தாட்சாயிணி மீட்டரைப் பார்த்து "எழுபத்தி..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் இஞ்சின் ஒரு இருமல் இருமியது. பெரிய இருமல். மொத்த நாரும் குழாயிலிருந்து கிளம்பி ஞானம்மாள் அக்காவின் கொண்டையில் போய் உட்கார்ந்தது.

மீட்டரைப் பார்க்கவே தேவை இல்லை. அக்கா குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

என் இரண்டு வாய்ப்பும் முடிந்தது. நாகேந்திரன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "சாவிய ரெடியா வெய்யி மாமே. சாயங்காலம் பத்மாவ அதுலயே கோயிலுக்கு இட்டுகினு போறேன்."

அந்த ஃபியட்டை நான் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறேன். பெஞ்சு மேல் ஏறிய காலை அங்கேயே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

அப்போதுதான் தாட்சாயிணி மீட்டரை அக்கா கையில் கொடுத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

"அக்கா, சான்ஸு வண்டிக்கா, ஓட்ற ஆளுக்கா?"

"ஆளுக்குத்தான்."

"மாமாவுக்கு முடிஞ்சிபோச்சி. இப்ப அதே வண்டிய நான் ஓட்றேன். எனக்கு ரெண்டு சான்ஸு கீது."

நான் சிரித்துவிட்டேன். "உனக்கு ஸ்டியரிங்குனா இன்னான்னு தெரியுமாடி?"

"நீ ஃபர்ஸ்டு ஷிஃப்டு போனா நான் தெனமும் இதுலதான் சென்னீர்குப்பத்துக்கு எங்கக்கா ஊட்டுக்குப் போய்ட்டு வரேன். பூந்தமல்லில கிளாஸுக்குப் போயி லைசென்சே வாங்கிட்டேன்."

"அடிப்பாவி! அதான் பெட்ரோல் நிக்கலியா? கார்புரேட்டரு ஒழுகுதுன்னு மாசாமாசம் கழட்டிகினு கெடந்தேனே!"

"பாத்தேன் மாமா. நல்லாத்தான் தொடச்சே. அப்பால வண்டி ஜம்முனு போச்சி."

கூட்டமே சிரித்தது. அவள் டிக்கியைத் திறந்தாள். உள்ளே பழைய புடவையில் சுற்றி, நான் பரணில் போட்ட ஒரிஜினல் சைலன்சர்!

"மாட்டு" என்றாள்.

மாட்டினேன். வேறு வழி? வண்டி கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்று மண்ணில் மல்லாந்து படுத்து, என் கையாலேயே மாட்டினேன். அவள் பெடலை மிதித்தாள். எழுபத்தொன்பது. பாஸ்.

ரேஸ் ஆரம்பித்தது. நிற்கும்போது பூ மாதிரி தொட்டவனெல்லாம் ஓடும்போது எருமை மாதிரி மிதித்தான். நாகேந்திரன் முதல் டயரைத் தாண்டும்போதே அம்பாசடர் அலறியது. சிவப்புக் குடம் ஏறியது. அடுத்தவனுக்கும் ஏறியது. அதற்கடுத்தவனுக்கும் ஏறியது. குடத்தைத் தூக்கித் தூக்கி அக்காவுக்குக் கை வலித்து, கடைசியில் கீழே இறக்கவே இல்லை. ஆண்பிள்ளைகள் ஒருத்தன் பாக்கியில்லாமல் அவுட்.

தாட்சாயிணி முறை வந்தபோதுதான் அக்கா குடத்தை இறக்கினார். அவள் ரேஸ் ஓட்டவில்லை. கோயிலுக்குப் பிரதட்சிணம் போவது போல ஓட்டினாள். ஒவ்வொரு டயர் திரும்பும்போதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சைகை காட்டினாள். குறுக்கே வந்த ஒரு ஆட்டுக்கு நின்று வழி விட்டாள். மாட்டு வண்டி கூட அதைவிட வேகமாகப் போயிருக்கும். ஆனால் சத்தம் எண்பதைத் தொடவே இல்லை. நடுவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பொட்டல் முழுக்கக் கணீரென்று கேட்டது. பெண்களெல்லாம் கைதட்டிக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கோப்பை தாட்சாயிணிக்கு.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கோப்பை என் வீட்டுக்கு, வண்டி என் வீட்டுக்கு, நாகேந்திரனுக்குப் பட்டை நாமம்! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவனிடம் போனேன்.

"பாத்தியா நைனா? கங்காதரன் வண்டி கங்காதரனுக்கே!"

"ஜெயிச்சவங்க எடுத்துகினு போகட்டும்னு நீதானே பெஞ்சு மேல ஏறி கத்துன?" என்றான் அவன். "ஜெயிச்சது நீயா?"

திரும்பிப் பார்த்தேன். தாட்சாயிணி டிரைவர் சீட்டில் இருந்தாள். சாவி விரலில் சுழன்றுகொண்டிருந்தது.

"உசுரே போனாலும் பேச்சு மாறமாட்டேன்னு சொன்ன இல்ல?"

போய் முன் சீட்டுக் கதவைத் திறந்தேன்.

"அது ஞானம்மாக்காவுக்கு. நீ இந்தக் குடத்தையெல்லாம் மடியில வெச்சிகினு பின்னாடி குந்து மாமா" என்றாள். "லாரி கெளம்பறதுக்குள்ள தண்ணி புடிக்கணும்."

ஏறினேன். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினேன்.