வேட்டி ஜப்தி

துபாய்,
சனிக்கிழமை

மகாகனம் பொருந்திய சம்பந்தி, வக்கீல் பராங்குசம் அவர்கள் சமூகத்துக்கு வெங்கட்ராமன் அநேக நமஸ்காரம். நான், என் ஆத்துக்காரி ஜலஜா, உங்கள் மாப்பிள்ளை ஆதித்யா, உங்கள் பெண் ஷ்ருதி நால்வரும் இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை க்ஷேமம். அடுத்த நிமிஷத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியவில்லை. சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் தேவலையா? போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். யார் காதில் விழுமோ என்று பயம். கீழே தையற்கடை வைத்திருக்கும் சாதிக் பாட்ஷா இன்று திருச்சிக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். ஆதித்யா மேல் கேஸ் ஆகியிருக்கிறது. காரணம் நான்.

ஆதித்யாவின் மேனேஜருடைய முன்னோர்கள் ஈரானிலிருந்து கப்பலில் வந்த வியாபாரிகள். க்ரீக் என்கிற உப்பங்கழி ஓரம் பழைய பேட்டையில் அவர்கள் கட்டிய முற்றம் வைத்த வீடு இன்னும் நிற்கிறது. மேனேஜரின் தாயார் இஃப்பத் அம்மாள் அதில்தான் இருக்கிறார், பேச்செல்லாம் பாரசீகம். நாலைந்து அறைகளை மட்டும் வருகிறவர்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆதித்யாவின் விசா அடுத்த மாசம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு அந்த மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அவரே நேற்று வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொன்னார். போகாமல் இருக்க முடியுமா? காரை நிறுத்த இடம் தேடி ஆதித்யா சுற்றிக்கொண்டிருக்க, ஜலஜா வெயிலில் இறங்க மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட, நான் ஒருத்தன் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நின்றேன்.

கதவில் ஒரு பக்கம் கனமான இரும்புத் தடி, இன்னொரு பக்கம் சின்ன வளையம். பெரிய மனுஷா வீடாச்சே, பதவிசாகத் தட்டுவோம் என்று வளையத்தை எடுத்து டிங் டிங் என்று தட்டினேன். தடி ஆண்களுக்கு, வளையம் பெண்களுக்கு, வளையச் சத்தம் கேட்டால் வந்திருப்பது பெண்தான் என்று உள்ளே இருக்கிறவர்கள் முக்காடு போடாமல் வந்து திறப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? திறந்தது இஃப்பத் அம்மாளே. தலைக்கு மருதாணி அப்பிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் ஒரு அலறல், கதவு என் மூக்கில் மோதிச் சாத்திக்கொண்டது. அப்புறம் ஷ்ருதி வந்து மன்னிப்புக் கேட்டு, அந்த அம்மாளும் தலையை மூடிக்கொண்டு வந்து, "தாக்கேல், தாக்கேல்" என்று கையைக் காட்டினார். நம்ம கோர்ட் பாஷையில் பாதி பாரசீகம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவனுக்குத் தாக்கல் என்றால் புரியாதா? அத்துமீறி நுழைந்ததாக மனு தாக்கல்.

உள்ளே போனால் நேரே வழியும் இல்லை. தெருவில் போகிறவன் கண்ணுக்கு முற்றம் தெரியக்கூடாதென்று சுவரை வைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓடித் தப்பிக்கவும் தோதில்லை. முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தால், கூரைமேல் நாலு பக்கமும் திறந்த ஒரு கோபுரம். எந்தத் திசைக் காற்றையும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குமாம், கரண்ட் வராத காலத்து ஏசி. அது 'ஹூம்' என்று முனகுகிறது, சம்பந்தி. அதை முழுசாகப் பார்க்க நான் பின்னால் பின்னால் நகர, இஃப்பத் அம்மாள் "ஹௌஸ், ஹௌஸ்" என்று பதறினார். பாராட்டைக் கேட்கிறார் என்று நினைத்து, "வெரி நைஸ் ஹவுஸ்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு அடி வைத்தேன். ஹௌஸ் என்றால் அவர்கள் பாஷையில் முற்றத்து நடுவில் இருக்கிற தொட்டி. தொபுக்கடீர். போகிற போக்கில் விளிம்பில் இருந்த பூந்தொட்டி ஒன்றும் என்னோடு வந்தது. அது அந்த அம்மாளின் மாமியார் காலத்துப் பூந்தொட்டி என்று ஷ்ருதி பிற்பாடு சொன்னாள்.

காலமான அவர் வீட்டுக்காரருடைய நீள அங்கியை எனக்கு மாட்டிவிட்டு, தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த அந்த எட்டு முழ வேட்டியைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். ஜலஜாவும் ஷ்ருதியும் பெண்கள் பக்கம் போய்விட்டார்கள். ஆதித்யா மேனேஜரோடு மாடியில். நான் மட்டும் செத்தவர் சட்டையில் தனியாக. இஃப்பத் அம்மாள் வாசல்படியில் வந்து நின்று "ஹாஸேர்" என்றார். ஆஜர். எழுந்து நின்றேன். "அமீனா" என்று கூப்பிட்டார். எத்தனை வீட்டுக்குக் கோர்ட் சேவகன் அமீனாவை நான் அனுப்பியிருப்பேன், எனக்கே அமீனா வந்துவிட்டான். கடைசியில் "ஸப்த்" என்றும் சொல்லிவிட்டார். தாக்கல், ஆஜர், அமீனா, ஜப்தி. ஒரு படிகூட விட்டுப்போகலை. வேட்டியை எதுக்குக் கொண்டுபோனார்கள்னு அப்பத்தான் உறைச்சது.

வந்தது ஒரு சின்னப் பெண். கையில் சிவப்பு விளக்கு எரிகிற மெஷின். உங்கள் பாஷையில் எதையாவது பேசுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். வாக்குமூலம் கேட்டால் கொடுத்துத்தானே ஆகணும்? கொடுத்தேன். எல்லாம் நான் செய்தது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். உங்கள் பெயரை எங்கேயும் இழுக்கவில்லை, அது சத்தியம்.

திரும்பும்போது ஏம்ப்பா நடுங்கறே என்று ஆதித்யா கேட்டான். சுகர் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை மேனேஜர் போன். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவை அவசியம் கூட்டிக்கொண்டு வா என்றாராம். வாய்தா போட்டாச்சு. எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், அந்தப் பிள்ளை ராப்பகலாக உழைத்துச் சேர்த்த பெயர் என்னால் போய்விடுமே என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேங்கறது. இங்கே முன்ஜாமீன் உண்டா? இல்லையென்றால் தயவுசெய்து உங்களுக்கு நெஞ்சுவலி என்று ஷ்ருதிக்கு ஒரு மெசேஜ் அனுப்பவும். வெள்ளிக்கு முன்னால் எல்லோருமாக ஊர் வந்து சேருகிறோம்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு நெஞ்சுவலி.

இப்படிக்கு,
முன்ஜாமீனை எதிர்பார்க்கும்
வெங்கட்ராமன்

பி.கு: பாட்ஷா வாசலில் நிற்கிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை. நெஞ்சுவலி வேண்டாம், ஆதித்யா இப்போதுதான் எல்லாம் விளக்கினான். தாக்கேல் என்றால் உள்ளே வாருங்கள். ஹாஸேர் என்றால் டீ ரெடி. அமீனா அந்த அம்மாளின் பேத்தி. ஸப்த் என்றால் குரலைப் பதிவு செய்வது. கோபுரத்துக்குக் கீழே இருக்கிற அறையில் பொத்தானை அழுத்தினால், வந்தவர்கள் அவரவர் பாஷையில் வீட்டைப் பற்றிப் பேசியது கேட்குமாம். தமிழ் மட்டும் இல்லாமல் இருந்ததாம். என் குரலைக் கேட்டு, யாரோ மகான் வாழ்த்துகிறார் என்று இஃப்பத் அம்மாள் கண்கலங்கிவிட்டாராம். வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாராம், அதற்குத்தான் வெள்ளிக்கிழமை. மேனேஜர் விசாவில் கையெழுத்தும் போட்டாச்சு.

என் பேச்சின் பதிவை மொழிபெயர்த்துத் தரச் சொல்லி ஆதித்யாவுக்கே அனுப்பியிருக்கிறார்கள். சற்று முன் ஹாலில் போட்டுக் கேட்டான். "என் பிள்ளையை விட்டுடுங்கோ, என்னை எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கோங்கோ" என்று நான் கெஞ்சுகிற இடத்தில் நிறுத்திவிட்டான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு மீதியைப் போட்டான். அதில், கால் தடுக்கியது வேட்டியால், வேட்டி எடுத்துக் கொடுத்தவர் சம்பந்தி, ஆகவே முதல் எதிரி மன்னார்குடி வக்கீல் பராங்குசம் என்று உங்கள் முழு விலாசத்தோடு நான் சொல்லியிருப்பது தெளிவாகக் கேட்கிறது. ஆதித்யா கெட்டிக்காரன். மொழிபெயர்ப்பில் முதல் எதிரியை 'என் ஆருயிர் நண்பர்' என்று மாற்றிவிட்டான். அதை உங்கள் விலாசத்தோடு சுவரில் பலகையாக அடிக்கப்போகிறார்கள். கதவு எண் பழசா புதுசா என்று மட்டும் ஒரு வரி எழுதவும்.